ஐந்து கட்டம், ஏழு இலக்கம்

அத்தியாயம் 17

மூன்று வாரமாக அந்த விண்ணப்பப் படிவம் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஃப்ரிட்ஜ் மேல் காத்துக் கிடந்தது. முதல் வாரம் புரொஃபசருக்கு நேரமில்லை. இரண்டாம் வாரம் பச்சை மை தீர்ந்துபோயிருந்தது; மற்ற நிறத்தில் அவர் கூரியர்காரருக்குக்கூடக் கையெழுத்துப் போடுவதில்லை. மூன்றாம் வாரம், "கையெழுத்துங்கிறது சும்மா கிறுக்கற விஷயமா? மூடு வரணும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

இன்று கடைசி நாள். மாலை நான்கு மணிக்குக் கணக்காளர் கழகத்தின் கிளை அலுவலகத்தில் கவுன்ட்டரை இழுத்து மூடிவிடுவார்கள்.

மூடினால் என்ன ஆகும் என்பது அவருடைய மனைவிக்கு, மாணவர்கள் வாயில் 'ஆபீஸ் மேடம்', மனப்பாடம். ஐந்து தாளில் நான்கைக் கல்யாணத்துக்கு முன்பே தாண்டியவள். மிச்சம் ஒன்று: நிதிக் கணக்கியல். பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு என்று கழகம் அறிவித்துவிட்டது. இதை விட்டால் பாஸான நான்கும் செல்லாது. நாற்பது வயதில் மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடைசிப் பக்கம் மட்டும்தான் பாக்கி. 'விண்ணப்பதாரர் கடந்த ஓராண்டு என் மேற்பார்வையில் கணக்குப் பணி செய்தார்' என்று கழகத்தின் உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட்டு, தன் உறுப்பினர் எண்ணை எழுத வேண்டும். வீட்டிலேயே ஒரு உறுப்பினர் இருக்கும்போது தெருவில் போய்த் தேடுவாளா?

உறுப்பினர் வீட்டில்தான் இருந்தார். மாடியில் குடித்தனம், கீழே பயிற்சி நிலையம், வாசலில் ஆறடிப் போர்டு. 'புரொஃபசர்' பட்டத்தை அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தரவில்லை. போர்டு எழுதிய பெயின்டர் தந்தது. மிச்ச இடத்துக்கு என்ன போடட்டும் என்று கேட்டாராம். பெயருக்குப் பின்னால் கழகத்தின் எழுத்துகள். அதற்கும் பின்னால், அடைப்புக்குறிக்குள் 'இறுதி' என்று ஒரு வார்த்தை. இறுதி என்றால் இதற்கு மேல் படிக்க உலகத்தில் ஒன்றும் இல்லை என்று மாணவர்களின் பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். பதினாறு வருடத்துக்கு முன் பெண் கொடுத்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சான்றிதழ் எங்கே என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "சான்றிதழை மாட்டி வெச்சுப் பிழைக்கிறவன் இல்ல நான்" என்றார். அதில் ஒரு கம்பீரம் இருந்தது. கம்பீரத்துக்கு ரசீது கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

காலை ஆறரை மணி வகுப்பு. முப்பத்திரண்டு பேர். வேலைக்குப் போவதற்கு முன் படிக்க வருகிறவர்கள், அரைத் தூக்கம், முழுச் சட்டை.

ஆபீஸ் மேடத்தின் மேஜை கடைசி வரிசைக்குப் பின்னால். கட்டண ரசீது, வருகைப் பதிவேடு, ஸ்டேப்ளர். யாரும் பார்க்காதபோது பதிவேட்டின் பின்பக்கங்களில் அவளும் கணக்குப் போடுவாள். பரீட்சையில் ஒரு கேள்விக்கு முப்பது நிமிஷம். அவள் இருபத்தாறில் முடிப்பாள். நடுவில் இரண்டு ரசீதும் கிழித்துக் கொடுத்திருப்பாள்.

கேள்விகளைத் தயாரிப்பதும் அவள்தான். விடைகளை மஞ்சள் தாளில் எழுதிக் கிளிப் போட்டுக் கொடுப்பதும் அவள்தான். "எனக்குத் தெரியாததா? நேரம் மிச்சம், அவ்வளவுதான்" என்று புரொஃபசர் அதை வாங்கிக்கொள்வார். பழைய மாணவர்களிடமிருந்து விடைகள் கைமாறுவதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்களை மாற்றுவாள். இந்தத் தடவையும் மாற்றியிருந்தாள். அவரோ ஃபைலில் மேலாக இருந்த பழைய மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

கேள்வி சாதாரணமானதுதான். ஒரு கம்பெனியின் இறுதிக் கணக்குகள். இயந்திரம் ஆறு லட்சம், இதுவரை தேய்மானம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மிச்ச மதிப்பில் இந்த வருடத்துக்குப் பதினைந்து சதவீதம் தேய்மானம் போட வேண்டும். பழைய தாளில் இருபது சதவீதம்.

புரொஃபசர் இடது பலகையில் லாப நட்டக் கணக்கை முழங்கிக்கொண்டே எழுதி முடித்தார். தேய்மானம் எழுபத்திரண்டாயிரம். லாபத்தைக் கண்டுபிடித்து இரண்டு கோடு போட்டார். கோடு போடும்போது அவருக்குத் தனி அழகு. வலது பலகையில் பேலன்ஸ் ஷீட்டை ஆரம்பித்து இயந்திரத்துக்கு வந்தபோது, மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வங்கி சார். ஐம்பது வயதில் பதவி உயர்வுக்காகப் படிக்கிறவர்.

"சார், கேள்வியில பதினஞ்சு பர்சென்ட்னு இருக்கு. நீங்க எழுபத்திரெண்டாயிரம் போடறீங்க. அது இருபதுக்கு இல்ல வரும்?"

புரொஃபசர் நிதானமாகத் திரும்பினார். தாளைப் பார்த்தார். கேள்வியைப் பார்த்தார்.

"அப்பாடா, ஒருத்தராவது முழிச்சிட்டிருக்காரு! இதுக்காகத்தான் வேணும்னே மாத்திப் போட்டேன்."

வகுப்பு சிரித்தது. அவர் பேலன்ஸ் ஷீட்டில் இருந்த எழுபத்திரண்டை அழித்து ஐம்பத்துநான்காயிரம் என்று எழுதி, இயந்திரம் மூன்று லட்சத்து ஆறாயிரம் என்று முடித்தார். இடது பலகையில் லாபம் மட்டும் பழைய எழுபத்திரண்டோடு அப்படியே நின்றது.

சொத்துப் பக்கம் பதினான்கு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். எதிர்ப் பக்கம் பதினான்கு லட்சத்து நாற்பத்துநான்காயிரம்.

பதினெட்டாயிரம் உதைத்தது.

ஆபீஸ் மேடத்துக்கு இரண்டு விநாடி ஆகவில்லை. எழுபத்திரண்டில் ஐம்பத்துநான்கு போனால் பதினெட்டு. ஒரு இடத்தில் திருத்தி இன்னொரு இடத்தில் திருத்தவில்லை. இந்தப் பரீட்சைக்கு மூன்று மாதம் படித்தவனுக்கே அந்த எண்ணைப் பார்த்ததும் மூக்கில் வேர்க்கும். இப்போது பார்த்துவிடுவார் என்று காத்திருந்தாள். இதோ, இப்போது.

அவர் மேலிருந்து கீழே கூட்டினார். கீழிருந்து மேலே கூட்டினார். பிறகு பூஜ்ஜியங்களை விரல் வைத்து எண்ணினார்.

அவசரத்தில் தப்பு விடுகிறவர் பூஜ்ஜியத்தை எண்ணமாட்டார். ஒன்றும் தெரியாதவர்தான் எண்ணுவார்.

"பதறக் கூடாது" என்றார் புரொஃபசர், யாருமே பதறாத அறையைப் பார்த்து. "பரீட்சையில இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க? அழுவீங்களா? வித்தியாசம் பதினெட்டாயிரம். தூக்கு. எங்க போடு? அனாமத்துக் கணக்குல போடு! டாலி ஆயிடுச்சா இல்லையா?"

ஆகிவிட்டது. எழுதினால் ஆகாமல் என்ன.

"யோசிச்சுப் பாத்தா," என்று சாக்பீஸை வானத்துக்குக் காட்டினார், "நாம எல்லாருமே இந்த உலகத்துல ஒரு அனாமத்துக் கணக்குதான்."

முப்பத்தோரு பேனாக்கள் அதை எழுதிக்கொண்டன. ஒருத்தி அடிக்கோடும் போட்டாள். வங்கி சார் மட்டும் எழுதவில்லை. திரும்பிக் கடைசி மேஜையைப் பார்த்தார். ஆபீஸ் மேடம் குனிந்து ஸ்டேப்ளரில் பின் போட ஆரம்பித்தாள். அதில் ஏற்கெனவே பின் இருந்தது.

ஒன்பது மணிக்கு மாடியில், சாப்பாட்டு மேஜையின் மேல் படிவத்தை வைத்தாள். பக்கத்தில் பச்சைப் பேனா. புதிது.

"ஏங்க, இன்னிக்கு நாலு மணியோட முடியுது."

"சாப்பிடறப்பவா?"

"சாப்பிட்டு முடிச்சிட்டீங்க."

அவர் தட்டைப் பார்த்தார். உண்மைதான். வாயைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், வேறு துடைக்க ஒன்றும் அகப்படாமல் பேனாவை எடுத்தார். கையெழுத்து விழுந்தது. முதல் எழுத்து முல்லைக் கொடிபோல ஏறி, கடைசி எழுத்து மூன்று சுற்றுச் சுற்றி இறங்கும் கையெழுத்து. காகிதத்தைத் தள்ளினார்.

"நம்பரு?"

"எந்த நம்பரு?"

"உறுப்பினர் நம்பர். கட்டம் போட்டிருக்கு பாருங்க."

ஐந்து கட்டங்கள். புரொஃபசர் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார். பிறகு கிடுகிடுவென்று எழுதினார். ஐந்து கட்டமும் நிரம்பியது. நிரம்பிய பிறகும் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு இலக்கங்கள் கட்டத்துக்கு வெளியே, ஓரக்கோட்டில் தொங்கின.

"கட்டத்தைச் சின்னதா அடிச்சிருக்கான்" என்றார். "இப்பல்லாம் அச்சு வேலைய ஒழுங்காச் செய்ய ஆளே இல்ல."

அவள் அந்த எண்ணைப் படித்தாள். பதினாறு வருடமாக நானூறு மாணவர்களின் சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவள். மாணவர் எண் ஏழு இலக்கம்; முதல் இரண்டு, பதிவு செய்த வருடம். படிவத்தின் முதல் பக்கத்தில் அவள் எழுதியிருந்த அவளுடைய எண்ணும் ஏழு இலக்கம்தான். இவருடையது அதற்கு நான்கு வருடம் மூத்தது.

"இது மாணவர் நம்பருங்க."

"என்ன?"

"இருபத்திரெண்டு வருஷமா நீங்க மாணவரு."

ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உறுமி அடங்கியது. அவர் கோபப்பட முயன்று பார்த்தார். அது பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஒரு பேப்பர்" என்றார். "ஒரே ஒரு பேப்பர். அதுக்குப் பேரு ஃபெயிலா? பெண்டிங்."

"எந்தப் பேப்பர்?"

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். பதில் அவளுக்குத் தேவையும் இல்லை. காலையில் பலகையில் பார்த்தாகிவிட்டது.

அப்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. வருடம் இரண்டு தடவை, பரீட்சை நாளில், டை கட்டிக்கொண்டு புறப்படுவார். 'கண்காணிப்பாளர் டூட்டி. கழகத்துல விடமாட்டேங்கறாங்க.' அவள் டை முடிச்சைச் சரி செய்து, மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்புவாள்.

"டூட்டிக்குப் போனீங்களே..."

"ஹாலுக்குத்தானே போனேன்" என்றார் அவர். "ஹாலுக்குப் போகலன்னு யாராவது சொல்ல முடியுமா?"

முப்பத்திரண்டு தடவை. முப்பத்திரண்டு டை முடிச்சு. அவளுடைய மஞ்சள் தாள்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, முப்பத்திரண்டு தடவையும் அவர் தோற்றிருக்கிறார். தன்னை ஏமாற்றினதைவிட, தன் விடைகளைப் படித்துவிட்டும் தோற்றதுதான் அந்த நிமிஷத்தில் அவளுக்கு அதிகமாக எரிந்தது. அப்படி எரிந்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பும் வந்தது.

"இங்க பாரு" என்று குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை நீ விட்டுடு. நீ பாட்டுக்கு எழுதிப் பாஸாயிட்டா, நான் வெளிய தலை காட்ட முடியுமா? போர்டு என்ன ஆகறது? இந்தக் குடும்பமே அந்தப் போர்டுலதானே சாப்பிடுது?"

"போர்டு சமைக்குதா?"

"குதர்க்கம் பேசாத. ஒரு வீட்டுக்கு ஒரு ஆடிட்டர் போதும்."

"இருந்தாத்தானே, அந்த ஒருத்தர்?"

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெளியே வேலை இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டார். போகும்போது படிவத்தின் கடைசிப் பக்கத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

போகட்டும். ஆபீஸ் மேடம் எந்தப் படிவத்தையும் ஒற்றைப் பிரதியாக வாங்கிப் பழக்கமில்லாதவள். அலமாரியைத் திறந்தாள்.

நாத்தனாரின் அலுவலகம் நான்கு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி. புரொஃபசரின் அக்கா. ஊரில் 'ஆடிட்டரம்மா' என்றால் இவர்தான். சுவரில் சான்றிதழ் தொங்குகிறது, கண்ணாடி போட்டு, தூசியோடு. சுற்றிலும் ஃபைல் கட்டுகள். நடுவில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை ஒரு கையாலும் கால்குலேட்டரை ஒரு கையாலும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வா. என்ன இந்த நேரத்துல?"

"அண்ணி, அவரு பாஸ் பண்ணலையாமே?"

ஆடிட்டரம்மாவின் கால்குலேட்டர் கை நின்றது. சாப்பாட்டுக் கை நிற்கவில்லை.

"உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா உங்ககிட்ட நேராக் கேட்டாரே. தம்பியும் உங்கள மாதிரி ஆடிட்டரான்னு."

"கேட்டாரு. நான் பொய் சொல்லலையே."

"என்ன சொன்னீங்க?"

"தண்ணி குடிச்சேன்." நாத்தனார் இப்போதும் ஒரு வாய் குடித்துக்கொண்டார். "அவனும் பொய் எழுதல. 'இறுதி'ன்னுதானே போட்டிருக்கான்? இறுதி நிலை மாணவன்னு அர்த்தம். நீங்க வேற மாதிரி படிச்சா அவன் என்ன பண்ணுவான்?"

இவ்வளவு நேர்மையான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டது ஆபீஸ் மேடத்துக்குத் தெரியாமல் போய்விட்டது. படிவத்தை எடுத்து ஃபைல்களின் மேல் வைத்தாள். கடைசிப் பக்கம், வெள்ளையாக.

"நீங்க கையெழுத்துப் போடணும் அண்ணி."

"நீ என்கிட்ட வேலை பாத்தியா? இல்லாததை நான் எப்படி எழுதிக் குடுக்க? என் நம்பர் போயிடும்."

"வருஷா வருஷம் சரிபாக்கச் சொல்லி ஆறு கட்டு ஃபைல் வீட்டுக்கு அனுப்பறீங்களே."

"அது தம்பிக்கு. அவன்தான் பாத்துக் குடுக்கறான். சும்மா சொல்லக் கூடாது, பரீட்சையிலதான் அவனுக்கு ராசியில்ல. வேலைன்னு வந்தா படு சுத்தம். ஒரு ரசீது தப்பாது."

ஆபீஸ் மேடம் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தாள். பக்கத்தில் கிடந்த காகிதத்தில் ஒரு டிக் அடித்தாள். கணக்குச் சரிபார்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக் உண்டு; வேறு யாருக்கும் வராது. இவளுடையது வாலை இடது பக்கம் இழுத்து, நுனியில் ஒரு புள்ளி வைத்தது.

ஆடிட்டரம்மா அந்த டிக்கைப் பார்த்தார். கையைக் கழுவாமலே எழுந்து, அலமாரியிலிருந்து போன வருடக் கட்டு ஒன்றை இழுத்துப் பிரித்தார். பக்கம் பக்கமாக வால்கள் இடது பக்கம் போயின. பக்கம் பக்கமாகப் புள்ளிகள்.

"இதுக்கெல்லாம் அவன்கிட்டல்ல பணம் குடுத்தேன்" என்றார் மெதுவாக.

"எனக்கு இதுக்குப் பணம் உண்டுன்னே இப்பத்தான் தெரியும்."

நாத்தனார் உட்கார்ந்தார். முகத்தில் வருத்தம் மாதிரி ஒன்று வந்தது. அதைக் கணக்கு பிடித்துத் தள்ளியது.

"அது இல்ல சிக்கல். போன வாரம்தான் அவன் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இந்த ஆறு கட்டையும் அவன்தான் பாத்தான்னு. உனக்கும் அதையே எழுதிக் குடுத்தா, ஒரே வேலைக்கு ரெண்டு சான்று. கழகத்துல எவனாவது ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தான்னா?"

"அவரும் எழுதறாரா, இந்தத் தடவை?"

"கடைசித் தடவையாச்சே. எழுதாம?"

தன்னை விட்டுவிடச் சொன்னவர். ஆபீஸ் மேடத்துக்கு அழுகை வரும் என்று நாத்தனார் எதிர்பார்த்து டிஷ்யூ பெட்டியை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்தார். வரவில்லை.

"விட்டுக் குடு" என்றார் ஆடிட்டரம்மா. "ஆம்பள. பேரு எடுத்தாச்சு. நீ பாஸானாலும் இங்கதானே உக்காரப் போற? பாஸாகலன்னாலும் இங்கதானே உக்காரப் போற?"

"சரி அண்ணி" என்று ஆபீஸ் மேடம் படிவத்தை எடுத்து மடித்தாள். "இந்த வருஷக் கட்டு மூணு என் மேஜையில பாதியில கிடக்கு. வெள்ளிக்கிழமை நீங்க தாக்கல் பண்ணணும்னு சொன்னாரு. யாராவது வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. மிச்சத்தை அவரே முடிச்சுக் குடுத்துருவாரு. வேலைன்னு வந்தா படு சுத்தம்."

வாசல்வரைகூட அவள் போக வேண்டியிருக்கவில்லை.

"நில்லு."

"நாலு மணிக்கு மூடிருவாங்க அண்ணி."

"நில்லுன்னேன். பேனாவக் குடு." ஆடிட்டரம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, தேதி போட்டு, கையெழுத்திட்டார். சின்னக் கையெழுத்து, சுற்றும் கிடையாது, கொடியும் கிடையாது. எண்ணை எழுதினார். ஐந்து இலக்கம். ஐந்து கட்டத்துக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது.

"பாவம் பாத்துப் போடலை" என்றார், காகிதத்தை நீட்டாமல் பிடித்துக்கொண்டே. "வெள்ளிக்கிழமைக்குப் போடறேன். பின்னால கேள்வி வந்தா, ரெண்டு பேருல யாரு பொய்யின்னு நான் ஒருத்தரைக் காட்டித்தான் ஆகணும். யாரைக் காட்டுவேன்னு இப்பச் சொல்ல மாட்டேன்."

"தண்ணி குடிச்சிருவீங்க" என்றாள் ஆபீஸ் மேடம், படிவத்தை அவர் விரல்களிலிருந்து உருவிக்கொண்டே.

கழகக் கிளையில் வரிசை சின்னதாக இருந்தது. கடைசி நாளில் கட்டுகிறவர்களுக்கே உரிய முகங்கள். மூன்று ஐம்பதுக்கு அவள் முறை வந்தது.

கவுன்ட்டர் எழுத்தர் இளைஞரும் இல்லை, கிழவரும் இல்லை. ஸ்டாம்ப் அடித்தே வயதானவர். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கட்டண ரசீது, புகைப்படம். கடைசிப் பக்கத்தில் கட்டங்களை விரலால் எண்ணினார். ஐந்து. தலையை ஆட்டி ஸ்டாம்பைத் தூக்கியவர், அதை அந்தரத்திலேயே நிறுத்தினார்.

"இந்த விலாசம்... எங்கயோ பாத்தேனே."

பக்கத்திலிருந்த கட்டை விரலால் விசிறினார். நடுவிலிருந்து ஒன்றை உருவினார். பச்சை மையில் நிரப்பிய படிவம். மேலே காலை பத்து மணி ஸ்டாம்ப். வெளியே வேலை இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனது இங்கேதான்.

"ஒரே வீடு. ஒரே பேப்பர். சான்று குடுத்த ஆடிட்டர்கூட ஒரே ஆளா இருக்கே?" எழுத்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பச்சை மையில் இருந்த மாணவர் எண்ணைப் படித்தார். "ரொம்பப் பழைய நம்பரு. ஹால்ல வேற உங்களுக்கு முன் சீட்டு விழும்போல. பாஸ் பண்ணாம இழுத்துட்டே இருக்காரே, யாரு மேடம் இது? உங்க வீட்டுக்காரரா?"

பின்னால் வரிசை நெருக்கியது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தாறு. ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஸ்டாம்ப் அந்தரத்திலேயே நிற்கும்.

"இல்லைங்க" என்றாள் ஆபீஸ் மேடம். "என்கிட்ட படிக்கிறவரு."

"ஓ, நீங்க கிளாஸ் எடுக்கறீங்களா?" என்று எழுத்தர் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு படிவத்தையும் ஒரே கிளிப்பில் சேர்த்துக் குத்தினார்.

ஸ்டாம்ப் விழுந்தது.